பெரட்டு என்றால் தலைகீழ் அல்ல

என் மேசை இழுப்பறையில் பழைய குண்டூசி டப்பா ஒன்று இருக்கிறது. அதற்குள் குண்டூசி இல்லை. பெருவிரல் அகலத்துக்கு, முட்டை வடிவில் வெட்டிய ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு மட்டும் இருக்கிறது. வெள்ளை என்று பழக்கத்தில் சொல்கிறேன். பின்பக்கத்துப் பசை காய்ந்து ஊறி, அது டீக்கறை நிறத்துக்கு வந்து பல வருஷமாகிறது. நடுவில் கறுப்பு மையில் ஒரே ஒரு சொல்: ‘பெரட்டு!’ உருண்டையான, முன்பக்கம் லேசாகச் சாய்ந்த எழுத்து. ஆச்சரியக்குறியின் புள்ளியில் மட்டும் மை கொட்டிப் பரவி மிளகு அளவுக்குப் பெருத்திருக்கிறது. இந்தச் சொல்லுக்காகத்தான் சில மாதங்களாக முன்பின் தெரியாத மனிதர்களிடம் நான் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் ஒரு காமிக்ஸ். அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, ஆனால் படித்தவர்கள் எல்லோரும் ‘கப்பல்’ என்றுதான் சொல்வார்கள். இருநூறு குடும்பங்களை ஏற்றிக்கொண்டு, போய்ச் சேரும் இடம் எதுவென்று தெரியாமல், விண்வெளியில் தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டே இருக்கும் ஒரு கப்பல். வெளிநாட்டுக் கதை. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஊட்டி மார்க்கெட்டுக்குப் பின்புறம் இருந்த ஒரு சின்ன அச்சகத்திலிருந்து தமிழில் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. ஐம்பத்துச் சொச்சம் இதழ் வந்தது. அங்கே அதை எழுதி வரைந்தவர் இறந்துபோக, கதை பாதியில் நின்றுவிட்டது. இப்போது அந்த நாட்டில் புது ஆட்கள், விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். அதே அச்சகத்தின் முதலாளி பாயின் மகன் தமிழிலும் கொண்டுவருகிறார். தமிழாக்கம் நான். முதல் பாகம் வெளிவந்த மறுநாள் காலை, பல் விளக்கிவிட்டுப் போனைத் திறந்தால், வாசகர் குழுவில் இருநூற்றுக்கு மேற்பட்ட செய்திகள் எனக்காகக் காத்திருந்தன.

ஓவியம் பரவாயில்லை என்றார்கள். கதை மெதுவாகப் போகிறது என்றார்கள். கப்பலின் தலைவிக்குப் பழைய கதையில் இருந்த மிடுக்கு புதுக் கதையில் இல்லை என்றார்கள். அதெல்லாம் கருத்து, சொல்லலாம். ஆனால் நூற்றுக்கு எண்பது பேர் குறிவைத்தது தமிழை, அதிலும் முதல் பக்கத்தில் நான் போட்டிருந்த ஒரு அடிக்குறிப்பை. ‘பெரட்டு: வேலைக்குக் கிளம்பும் முன் ஆட்கள் ஒன்றுகூடி வரிசையில் நின்று பெயர் கொடுப்பது’ என்று எழுதியிருந்தேன். அவ்வளவுதான், கொதித்துவிட்டார்கள். பெரட்டு என்றால் கப்பல் தலைகீழாகப் புரள்வது என்பது ‘கப்பல்’ படித்த குழந்தைக்குக்கூடத் தெரியும், இந்த அம்மாவுக்குத் தொடரே தெரியவில்லை, ஐம்பது இதழ் படித்த எங்களுக்கே பாடம் நடத்துகிறாரா, எங்கிருந்து பிடித்தீர்கள் இவரை? தென்மாவட்டத்து வாசகர் ஒருவர் பல வருஷமாகக் ‘கப்பல்’ சொற்களுக்கென்று சொந்தமாக ஓர் அகராதியே தயாரித்து வைத்திருக்கிறார். அதன் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டார். ‘பெரட்டு: செயற்கை ஈர்ப்பைப் புரட்டிக் கப்பலைத் தலைகீழாக்கும் முறை.’ அதன் கீழே இன்னொன்று: ‘அரைப்பேர்: தண்டனை. தவறு செய்த பயணியின் பெயரில் பாதியை அழித்துவிடுதல்.’ எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரித்து முடிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்தச் சொற்களைக் கப்பலில் ஏற்றியது யார் என்று உயிரோடு இருக்கிறவர்களில் எனக்குத்தான் தெரியும்.

அச்சகத்தில் அவளை எழுத்தக்கா என்று கூப்பிடுவோம். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் எழுத்து எங்கள் மலைக்கு ஏறி வரவில்லை. வெளிநாட்டிலிருந்து படங்கள் ஆங்கில எழுத்தோடு வரும். ஒவ்வொரு பேச்சுக் குமிழுக்கும், நாங்கள் சொல்வது பலூன், தமிழ் வசனத்தை வெள்ளைத் தாளில் கையால் எழுதி, அளவாக வெட்டி, ஆங்கிலத்தின் மேல் ஒட்ட வேண்டும். எழுதுவது அக்கா. வெட்டி ஒட்டுவது நான். ஊட்டிக் குளிரில் மை காய மாட்டேன் என்று அடம்பிடிக்கும்; எழுதின தாளைக் குமுட்டி அடுப்பின் மேலே, தீய்ந்துவிடாத உயரத்தில், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் நிற்பாள். என்னைவிட எட்டு வயது பெரியவள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு வயதில் கப்பலேறி வந்து, சோலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள். மாரியம்மன் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்க எஸ்டேட்காரர்கள் கொண்டுவந்த கையெழுத்துப் பிரதியைப் பார்த்துவிட்டு, இதை எழுதினது யாரு என்று பாய் கேட்டதில் ஆரம்பித்தது. அந்த வாரமே காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வேலைக்கு வந்துவிட்டாள்.

நான் லவ்டேல் பக்கத்துப் பிள்ளை. அம்மா ஒரு போர்டிங் ஸ்கூலின் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். லீவுக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகள் விட்டுவிட்டுப் போகிற ஆங்கிலக் காமிக்ஸ்களை அம்மா அழுக்குத் துணியோடு மூட்டையில் கட்டிக்கொண்டு வருவாள். அந்த வாசிப்பில் வந்த ஆங்கிலம்தான் என் மூலதனம். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அச்சகத்துக்கு வந்த புதிதில், கொழுந்து பறித்த கை காமிக்ஸ் எழுதுகிறதா என்று மனதுக்குள் நினைத்திருக்கிறேன். இப்போது அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

தமிழாக்கம் கோயம்புத்தூரில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியருடையது. தபாலில் வரும். சுத்தமான தமிழ், குறை சொல்ல முடியாது, ஆனால் பலூனுக்குள் அடங்காது. தலைவி விடியலில் எல்லோரையும் ஒரு தளத்துக்குக் கூப்பிடுகிற இடத்தில், ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல். ஆசிரியர் எழுதி அனுப்பியது: ‘பணியாளர்களே, வருகைப் பதிவுக்காக அணிவகுத்து நில்லுங்கள்.’ பலூனோ பெருவிரல் நகம் அளவு. எழுத்தை எவ்வளவு பொடியாக்கினாலும் ‘பணியாளர்களே’வுக்கே இடம் இல்லை. பாயிடம் போய்க் கேட்டால், சுருக்கிப் போடும்மா, நான் மிஷினைப் பார்ப்பேனா பலூனைப் பார்ப்பேனா என்று கையை உதறிவிட்டார். அக்கா நிப்பை மையில் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்தாள். பனி மாதிரி ஏதோ புகைகிற ஒரு பெரிய தளம், வரிசையாக ஆட்கள், எதிரே உயரத்தில் நிற்கிற ஒருத்தி. பிறகு எழுதினாள்: ‘பெரட்டு!’

அது என்ன என்று கேட்டேன். தோட்டத்தில் காலையில் சங்கு ஊதியதும் எல்லோரும் ஒரு களத்தில் கூடி நிற்க வேண்டும். பெயர் வாசித்து, இன்னார் இன்ன மலைக்கு என்று வேலை பிரித்துக் கொடுப்பார்கள். அதுதான் பெரட்டு, அந்த இடம் பெரட்டுக்களம் என்றாள். இந்தப் படத்துல நடக்குறதும் அதுதானே புள்ள, இவங்க மட்டும் வானத்துல நிக்கிறாங்க என்றாள். வெட்டி ஒட்டினேன். பலூனுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்கார்ந்தது.

அதற்கப்புறம் கப்பலுக்குள் ஒவ்வொன்றாக ஏறின. பயணிகள் தங்கும் அறை ‘காம்பரா’ ஆனது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கிற ஒற்றை அறைக்கு அவர்கள் சொல்கிற பெயர் அது. கப்பலில் கொடுக்கிற சூடான பானம் ‘தேத்தண்ணி’ ஆனது. நேரம் கழித்து வந்த ஒரு பயணியைத் தலைவி எச்சரிக்கிற இடத்தில், ‘இன்னைக்கு உனக்கு அரைப்பேர்தான்’ என்று எழுதினாள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று சொல்வார்கள். சொன்ன அளவுக்குக் கொழுந்து எடுக்காவிட்டால், பெரட்டுக்குப் பிந்தி வந்தால், அரைப்பேர். அரை நாளாக எழுதிவிடுவார்கள். இவ்வளவு பெரிய அர்த்தத்தை அவ்வளவு சின்ன பலூனுக்குள் எப்படி அடைக்கிறாய் என்று கேட்டால் சிரிப்பாள். எட்டடிக் காம்பராவுல ஆறு பேரு படுத்து எந்திரிச்சோம், இந்தக் காம்பராவுல ஆறு எழுத்து இருக்காதா என்பாள். பலூனுக்கும் அவள் வைத்த பெயர் காம்பராதான்.

கோயம்புத்தூர் ஆசிரியர் கண்டுபிடித்துச் சண்டைக்கு வருவார் என்று நான் பயந்தேன். அவர் அச்சான இதழைத் திறந்தே பார்ப்பதில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் வாசகர்கள் பார்த்தார்கள். மாதம் ஒரு பிரப்பங்கூடை நிறைய போஸ்ட்கார்டு வரும். மதிய சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா ஒவ்வொன்றாக வாசிப்பாள், அடித்தல் திருத்தல் உட்பட. வசனம் பிரமாதம், மொழிபெயர்ப்பாளருக்கு என் வணக்கம் என்று ஒருவர் எழுதியிருந்தால் அதைத் தனியாக எடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பும் கட்டில் வைப்பாள். எனக்கு எரியும். உன் பேரையும் போடச் சொல்லேன், எழுத்து இன்னார் என்று ஒரு வரி போட்டால் பாய்க்கு என்ன கொள்ளையா போகிறது என்று கேட்டேன். போட்டா என்னா, போடாட்டி என்னா, எந்தப் பெரட்டுல வாசிக்கப் போறாங்க என்று சொல்லிவிட்டு அடுத்த கார்டை எடுத்தாள்.

அப்படி வந்த ஒரு கார்டில்தான் என் தப்பு ஆரம்பிக்கிறது. ‘பெரட்டு என்றால் என்ன? அகராதியில் இல்லை. கப்பல் தலைகீழாவதையா சொல்கிறீர்கள்?’ என்று ஒரு மாணவர் கேட்டிருந்தார். கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தச் சொல் முதலில் வந்த இதழில், அடுத்த கட்டத்திலேயே கப்பல் எதன் மேலோ மோதாமல் தப்பக் கவிழ்ந்து போகிற மாதிரி ஒரு பெரிய படம் இருந்தது. தலைவி கத்துகிறாள், கப்பல் புரள்கிறது, புரட்டு, பெரட்டு. அக்கா பதில் எழுதிவிட்டாள். தோட்டத்துச் சொல், இலங்கையிலிருந்து வந்தவர்கள் பேசுவது, அர்த்தம் இது என்று நாலே வரி. வாசகர் பக்கத்தை அடுக்குவது என் வேலை. அந்த நாலு வரியைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்தேன். ஊட்டி பஜாரில் சிலோன்காரங்க என்று சொல்லும்போது குரல் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். எங்கள் அறிவியல் காமிக்ஸ் லயத்து பாஷையில் வருகிறது என்று தெரிந்தால் சிரிப்பார்களே என்று நினைத்தேன். பாயிடம் சொன்னேன், அவரும் தலையை ஆட்டினார். நாலு வரியை எடுத்துவிட்டு, ‘அது கப்பலின் ரகசியம். பொறுத்திருந்து பாருங்கள்’ என்று நான் எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பக்கத்தையும் கையால் எழுத வேண்டியது அக்காதான். என் சீட்டை வாங்கிப் படித்தாள். என்னை நிமிர்ந்து பார்ப்பாள் என்று காத்திருந்தேன், பார்க்கவில்லை. தன் சொல்லை நான் ஒளித்துவைத்த வரியைத் தன் கையாலேயே, அதே உருண்டை எழுத்தில், ஒரு பிசிறு இல்லாமல் எழுதிக் காயவைத்துக் கொடுத்தாள். இன்றைக்குத் தென்மாவட்டத்து அகராதிக்காரரும் அவர் நண்பர்களும் அடித்துச் சொல்கிற அந்த அர்த்தத்துக்கு விதை போட்டது நான். அவர்கள் மேல் எனக்கு வருகிற கோபத்தில் பாதி என் மேல் உள்ளதுதான்.

வெளிநாட்டில் அந்தப் படைப்பாளி இறந்த செய்தி வந்தபோது கடைசி இதழுக்கான படங்கள் எங்களிடம் இருந்தன. அதன் கடைசிப் பக்கம்: தலைவி பெரட்டுக்குக் கூப்பிடுகிறாள், எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள், பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. தாரா என்ற பெண்ணின் பெயரை வாசித்தால் பதில் இல்லை. வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அத்துடன் முடிந்தது. அக்கா ‘பெரட்டு!’ என்று எழுதி நானும் ஒட்டிய பிறகுதான் ஆச்சரியக்குறியில் மை கொட்டியிருப்பதைப் பார்த்தோம். உரித்துக் கொடு, வேற எழுதித் தாரேன் என்றாள். வேறு எழுதினாள். பிறகு ஒட்டின பக்கத்தைக் கையில் எடுத்துக் குமுட்டி அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்கு மழை. மிஷின் நின்றிருந்தது. அவளாகத்தான் சொன்னாள். யார் இந்தியாவுக்குப் போவது, யார் அங்கேயே இருப்பது என்று இரண்டு அரசாங்கமும் பேசிப் பிரித்துக்கொண்ட காலம். கப்பலுக்குப் போகிறவர்களின் பெயரை ஒரு நாள் காலைப் பெரட்டில் தோட்டத்து ஆபீஸ் கிளார்க் வாசித்திருக்கிறார்.

“எங்க வீட்டுல ஆறு பேரு. பெரிய கிளாக்கர் மூணு பேரு பேரத்தான் வாசிச்சாரு. பெரியக்கா பேரு வரல. அவ கலியாணம் கட்டி இன்னும் ரெண்டு மாசம் ஆகல. அண்ணன் பேரு வரல, அப்பாயி பேரும் வரல. அன்னைக்கு எங்க வீட்டுக்கே அரைப்பேருதான் புள்ள.”

அப்போதுதான் அந்த நாலு வரி ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விட்டாள். உரித்தெடுத்த மைத்துண்டு மேசையில் கிடந்தது. எதற்கு என்று தெரியாமல் எடுத்து என் குண்டூசி டப்பாவில் போட்டுக்கொண்டேன்.

பாய் காமிக்ஸை நிறுத்திவிட்டுக் கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடிக்க ஆரம்பித்தார். அக்கா எஸ்டேட்டுக்கே திரும்பிப் போனாள். நான் தபாலில் படித்து, பள்ளிக்கூட வேலைக்குப் போய், மொழிபெயர்ப்பும் செய்ய ஆரம்பித்தேன். சேரிங் கிராஸில் எப்போதாவது எதிர்ப்படுவோம், முட்டைக்கோஸ் மூட்டைக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்பாள். ஒவ்வொரு முறையும் அவள் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தத் தாரா எங்க போனா, ஏதாச்சும் தெரிஞ்சுதா என்பாள். இல்லைக்கா, இனிமேல் வராது, அவர் செத்துப்போயிட்டாரு என்பேன். அவரு செத்தா என்னா, அவ செத்தாளா என்பாள். ஐந்து வருஷத்துக்கு முன் நுரையீரல் கெட்டு ஊட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்கப் போனேன். இலங்கையிலேயே தங்கிவிட்ட பெரியக்காவிடமிருந்து அந்தத் தோட்டத்துக் கோயில் விபூதி தபாலில் வந்திருந்தது. அதை எனக்கும் பூசிவிட்டாள். அன்றைக்கும் மன்னிப்புக் கேட்காமல்தான் திரும்பினேன். அடுத்த மாதம் போய்விட்டாள். ‘கப்பல்’ தொடரப்போகிறது என்ற செய்தி அதற்கு இரண்டு வருஷம் கழித்து வந்தது.

தமிழாக்க வேலைக்கு பாயின் மகன் என்னைக் கூப்பிட்டபோது, புதுக் கதையின் முதல் பக்கத்தைத் திறந்தேன். விட்ட இடத்தில் அப்படியே தொடங்குகிறது. அதே தளம், அதே வரிசை, அதே காலி இடம். தலைவியின் வாயில் அதே ஒற்றைச் சொல். நான் எதை எழுதுவேன்? பெரட்டு என்றுதான் எழுதினேன். அந்த நாலு வரியை முப்பது வருஷம் கழித்து ஒரு வரியாக்கி அடிக்குறிப்பில் போட்டேன். அதற்குத்தான் இந்தப் பாட்டு.

முதல் வாரம் பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் வாரம் பாயின் மகன் போன் செய்தார். கைக்குழந்தையாக மிஷின் அறையில் தவழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன், அதனால் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். நல்ல பிள்ளை, ஆனால் பயந்த பிள்ளை. இரண்டாம் பாகத்துக்கு முன்பதிவு செய்தவர்கள் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள்.

“அக்கா, நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டுங்க. ஆனா முப்பது வருசமா அவங்க நம்பிட்டாங்களே. ஒரு வரி வருத்தம் போட்டுட்டு, ரெண்டாம் பாகத்துல அந்த வார்த்தைங்களை மட்டும் மாத்திரலாங்களா?”

எதாக மாற்றுவது என்று கேட்டேன். தலைகீழ் என்கிற அர்த்தம் வருகிற மாதிரியோ, இல்லாவிட்டால் பொதுவான ஒரு தமிழ்ச் சொல்லாகவோ போட்டுவிடலாம் என்றார். காம்பராவை அறை ஆக்கிவிடலாம். அரைப்பேரை அவர்களுடைய அகராதியில் இருக்கிறபடியே விட்டுவிடலாம், அவர்களுக்குச் சந்தோஷம். அவர் அடுக்கிக்கொண்டே போகப் போக எனக்கு அந்தக் குமுட்டி அடுப்பும் என் சீட்டை வாங்கிப் படித்த முகமும்தான் தெரிந்தது. ஒரு தடவை எடுத்தேன். வயது இருபத்தொன்று, புத்தி இல்லை. இப்போது ஐம்பது தாண்டிவிட்டது, இன்னொரு தடவை எடுக்க என் கை என்ன வாடகைக் கையா? ஒரு சொல்லும் மாறாது தம்பி, மாற்றினால் என் பெயரையும் சேர்த்து எடுத்துவிடுங்கள் என்றேன். சரி, அடுத்த மாதம் வருகிற வேறொரு காமிக்ஸின் வாசகர் பக்கத்தில் நீங்களே பதில் எழுதுங்கள், திட்டு வந்தால் உங்களோடு போகட்டும் என்றார். இன்னொன்றும் கேட்டேன். இரண்டாம் பாகத்தின் முதல் பக்கத்தில் நான் சொல்கிற ஒரு பெயரைப் போட வேண்டும். யாருங்க என்றார். அவருக்கு அவளை ஞாபகமே இல்லை. அவர் அழும்போதெல்லாம் மைக்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுத் தூக்கி வைத்திருந்தவள் அவள். சொன்னேன். போட்டுக்குங்க என்றார்.

பதில் எழுத உட்கார்ந்தபோது நிறைய எழுதி நிறைய அடித்தேன். கடைசியில் வாசகர்களிடம் நான் சொன்னது இவ்வளவுதான். நீங்கள் ‘கப்பல்’ மேல் வைத்திருக்கிற பிரியத்தை நான் மறுக்கவில்லை. உங்கள் அகராதியை நான்தான் தொடங்கிவைத்தேன். ரகசியம் என்று பொய் எழுதியது என் கை, அதற்கு வருத்தம் உங்களிடம் அல்ல, வேறொருத்தியிடம் சொல்ல வேண்டியது. நீங்கள் எல்லோரும் ‘பழைய எழுத்தின் கம்பீரம்’ என்று கொண்டாடுகிறீர்களே, அது கோயம்புத்தூர் தமிழும் அல்ல, வெளிநாட்டுக் கற்பனையும் அல்ல. பனியில் காலையில் களத்தில் நின்று, தன் வீட்டு ஆட்களில் பாதிப் பேரின் பெயர் மட்டும் வாசிக்கப்படுவதைக் கேட்டுவிட்டுக் கடல் கடந்து வந்த ஒரு பெண்ணின் பேச்சு. போய்ச் சேரும் இடம் தெரியாத கப்பலை உங்களுக்குத் தமிழில் காட்ட அவளைவிடத் தகுதி யாருக்கு இருந்தது? உங்களுக்கு லயத்துப் பேச்சு வேண்டாம் என்றால், முப்பது வருஷமாக நீங்கள் விரும்பிப் படித்த ‘கப்பல்’ உங்களுக்கு வேண்டாம் என்று அர்த்தம். பெரட்டு என்றால் தலைகீழ் அல்ல. இந்தச் சொற்கள் எங்கேயும் போகாது.

அச்சானது. வாழ்த்துமழை பொழிந்தது என்று சொல்ல ஆசைதான். நடந்தது அது இல்லை. முன்பதிவு இன்னும் குறைந்தது. திமிர் பிடித்தவள் என்றார்கள். நான் மறுத்து எழுதவில்லை. காமிக்ஸில் எதற்குச் சோகக்கதை என்றார்கள். கோத்தகிரியிலிருந்து ஒரு பெண் மட்டும் எழுதினாள்: அவளுடைய அம்மாவுக்கு அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினாளாம், அம்மா ‘பெரட்டுன்னு புத்தகத்துல போட்டிருக்கா’ என்று கேட்டுவிட்டுப் பக்கத்தைத் தடவிப் பார்த்தாளாம். அந்தக் கடிதத்தைப் படித்த அன்று நான் பள்ளிக்கூட ஸ்டாப் ரூமில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். மூன்றாம் பாகம் என் கைக்கு வராது என்று தம்பியின் குரலிலேயே தெரிகிறது. வராவிட்டால் போகட்டும்.

இரண்டாம் பாகத்தில் தாரா கிடைத்துவிடுகிறாள். எங்கே என்று சொல்ல மாட்டேன், படித்துக்கொள்ளுங்கள். அவள் திரும்பி வந்து வரிசையில் தன் இடத்தில் நிற்கிற பக்கத்தில் தலைவி மறுபடியும் எல்லோரையும் கூப்பிடுகிறாள். அந்த ஒரு பலூனுக்கு மட்டும் நான் கம்ப்யூட்டர் எழுத்தை விடவில்லை. குண்டூசி டப்பாவைத் திறந்து துண்டை எடுத்துக்கொண்டு தம்பியின் ஆபீசுக்குப் போனேன். ஸ்கேன் செய்த பையன் மைக்கறையைத் துடைத்துச் சுத்தம் செய்துவிடட்டுமா மேடம் என்றான். தொடாதே என்றேன். பலூனில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. முதல் பக்கத்தில், என் பெயருக்கு மேலே, ‘தமிழ் எழுத்து’ என்று போட்டு அவள் பெயர் வந்திருக்கிறது. அவள் ஒருநாளும் போட்டுக்கொள்ளாத இனிஷியலோடு, அவள் அம்மா வைத்தபடி முழுசாக.

துண்டு மறுபடி டப்பாவுக்குள் வந்துவிட்டது. நேற்றுக் காலை வாசகர் குழுவில் தென்மாவட்டத்து அகராதிக்காரர் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, பலூனைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார். இந்த ஒரு இடத்தில் மட்டும் எழுத்து ஏன் வேறு மாதிரி இருக்கிறது, ஆச்சரியக்குறியில் மை வேறு கொட்டியிருக்கிறது, இதைக்கூடச் சரிபார்க்க மாட்டீர்களா, யார் எழுதியது இது என்று கேட்டிருந்தார். பல் விளக்கிவிட்டு வந்து பதில் போட்டேன்.

“முதல் பக்கத்தைப் பாருங்கள். முழுப்பேர் போட்டிருக்கிறது.”